நாவறியா நஞ்சு

(வில்லியனூர், பாகூர் வட்டார ஊர்மக்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்திருக்கும் உங்கள்முன் இன்று குடிநீரைப் பற்றிப் பேச நிற்கிறேன். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என எவரும் கருத வேண்டா. தன் பிள்ளைக்குக் கொடுக்கும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஒரு தாய் தன் மொழியில் படித்தறிய இயலாவிட்டால், அந்த ஆய்வு நடந்தும் நடவாததே ஆகும். அச்செய்திக்குப் பின்னர் வருகிறேன். முதலில் நஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்செனிக் என்று மேலையர் கூறும் பொருள் தமிழர்க்குப் புதியதன்று. நம் சித்த மருத்துவர் வெள்ளைப் பாடாணம் என்றது அதன் ஒரு வடிவமே. எலியைக் கொல்ல அந்நாளில் கடைகளில் விற்ற எலிப்பாடாணமும் அதுவே. மஞ்சள் நிறத் தாளகமும் செந்நிற மனோசிலையும் கந்தகத்தோடு கூடிய அதே பொருள்தாம். தாளகத்திற்கு அரிதாரம் என்றொரு பெயரும் உண்டு. கூத்தர் முகத்தில் பூசிய மஞ்சட்பொடி அது. அதனாலன்றோ இன்றும் எந்த ஒப்பனையையும் 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம்! தீயிலிட்டால் வெள்ளுள்ளி நாற்றம் எழுப்பும் இப்பொருளுக்கு உள்ளியம் என்னும் பெயர் நன்கு பொருந்துகிறது. இவ்வுரையில் அப்பெயரையே ஆள்கிறேன். (பாடாணம் வடசொல் வழியதாயிற்றே என்று முன்வரிசையில் முணுமுணுக்கும் நண்பர் இனி அமைதி கொள்ளலாம்.)

எலியைக் கொல்லும் அளவு வேறு. குடிநீரில் நாம் அஞ்ச வேண்டிய அளவு வேறு. உலக நலவாழ்வு நிறுவனம் 1993-இல் ஓர் இலிட்டர் நீருக்கு 10 நுண்கிராம் என்று வரம்பு வகுத்தது. ஒரு கிராமைப் பத்து இலக்கம் கூறிட்டால் அதில் ஒரு கூறுதான் நுண்கிராம். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி ஒன்று ஒரு நூறாயிரம் இலிட்டர் கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தொட்டி முழுவதிலும் ஒரே ஒரு கிராம் உள்ளியம் கரைந்திருந்தால் அந்த வரம்பு எட்டப்பட்டுவிடும். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ நாற்பது நெல்மணிகளின் எடை. ஓர் உள்ளங்கைக்கும் போதாத நெல்லின் எடையளவு நஞ்சு, ஓர் ஊரே குடிக்கும் நீரைக் கெடுக்க வல்லது.

இதனை நா அறியாது, மூக்கறியாது, கண்ணறியாது. உப்புநீரை வாயில் வைத்தவுடன் துப்பிவிடுகிறோம். இரும்பு கலந்த நீர் பானையில் செம்மை படிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். உள்ளியம் கலந்த நீரோ தெளிந்தும் குளிர்ந்தும் இனித்தும் இருக்கக் கூடும். காய்ச்சினால் போகும் என்று எண்ணாதீர்கள். நீர் ஆவியாகி வற்ற வற்ற எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. நுண்ணுயிர்களைக் கொல்லும் குளோரின் இதனை நீரினின்று நீக்காது. துணியில் வடிகட்டுவதும் பயனற்றது.

உடலில் இது செய்யும் கேடு ஒரு நாளில் தெரிவதன்று. ஐந்தாண்டு, பத்தாண்டு, சிலருக்கு அதற்கும் மேல், நாள்தோறும் குடித்தபின் மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகி முடிச்சு முடிச்சாகும். வெறுங்காலோடு சேற்றிலிறங்கும் உழவன் அதனைக் காய்ப்பு என்று எண்ணி விட்டுவிடுவான். தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் தோன்றுவது அதற்கும் பின்னர். நெஞ்சாங்குலை நோயும் இதனோடு தொடர்புற்றதே. இது தொற்றுநோய் அன்று. ஆயினும் வங்கத்துச் சிற்றூர்களில் இதனைத் தொழுநோய் என்று மருண்டு, மனைவியரைத் தாய்வீட்டிற்குத் துரத்திய கணவர் உண்டு. கையில் புள்ளியுள்ள பெண்ணை மணக்க மறுத்தோரும் உண்டு. நீர் செய்த குற்றத்திற்குப் பெண் ஒறுக்கப்பட்டாள்.

வங்கத்தின் செய்தியைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நமக்கான பாடம் அங்கேதான் உள்ளது. ஐம்பது அறுபதாண்டுகளுக்கு முன்வரை அம்மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தனர். கக்கல்கழிச்சலால் குழந்தைகள் கொத்துக்கொத்தாக மாண்டனர். அதனைத் தடுக்கவே கைக்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. யூனிசெஃப் என்னும் உலகக் குழந்தைகள் நல அமைப்பே 1970களில் அவற்றைப் பரப்புவதில் முன்னின்றது. பின்னர் மக்கள் தம் சொந்தச் செலவிலும் வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினர். நல்ல நோக்கம், நல்ல உழைப்பு, நல்ல பயனுங்கூட. கக்கல்கழிச்சல் குறைந்தது. ஆனால் அந்நீரில் உள்ளியம் உண்டா என்று எவரும் பார்க்கவில்லை.

1983-இல் கொல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, தம்மிடம் வந்த சிற்றூர் மக்களின் உடற்புள்ளிகளைக் கண்டு, இது நீரால் வந்த உள்ளிய நோய் என்று இனங்கண்டார். சாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தியும் அவர் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று ஆண்டுக்கணக்கில் கிணற்று நீரை ஆய்ந்தனர். எல்லைக்கு அப்பால் வங்காளதேசத்தில் 1993-இல்தான் முதன்முதலாக அந்நஞ்சு கண்டறியப்பட்டது. 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை, அந்நாட்டில் மூன்றரைக் கோடி முதல் 7 கோடியே 70 இலக்கம் வரையிலான மக்கள் இக்கேட்டிற்கு உள்ளாகக்கூடும் என்றது. வரலாற்றில் ஒரு மக்களினத்திற்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் இது என்றும் அக்கட்டுரை குறித்தது.

இடையில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 1992-இல் ஆங்கிலநாட்டு நிலப்பொதியியல் அளவைத்துறையினர் வங்காளதேசத்தில் 150 அளவிலான குழாய்க்கிணறுகளின் நீரை எடுத்துச் சென்று ஆய்ந்தனர். பல்வேறு பொருள்களைத் தேடினர். உள்ளியத்தை மட்டும் தேடவில்லை. தேடாததால் அவர்தம் அறிக்கையில் அஃது இல்லை. அறிக்கையில் இல்லாததால் மக்கள் மேலும் குடித்தனர். பாதிக்கப்பட்ட வங்கச் சிற்றூரார் ஒருவர் இலண்டன் மாநகர் வரை சென்று வழக்காடினார். அவ்வூரில் குடிநீர் வழங்குவதும் நீரின் தூய்மைக்கு உறுதி கூறுவதும் அத்துறையின் பொறுப்பல்ல என்று 2006-இல் ஆங்கிலநாட்டின் உச்ச வழக்குமன்றமாய் அன்றிருந்த பெருமக்கள் அவை வழக்கைத் தள்ளியது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கோ அத்தீர்ப்பைவிட அந்த ஆய்வுப் பட்டியலே நெஞ்சை அறுக்கிறது. அப்பட்டியலில் இன்னுமொரு வரி சேர்த்திருந்தால் எத்தனை ஆண்டு முந்தியிருக்கலாம்!

இனி, அந்நஞ்சை நீரில் கலந்தவர் யார்? ஒருவருமில்லை. நஞ்சு என்றவுடன் ஓர் ஆலையையும் ஓர் ஆலைமுதலாளியையும் தேடும் பழக்கம் நமக்குண்டு. பல இடங்களில் அது சரியான தேட்டமே. இராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு அவ்வாறே வந்தது. வங்கத்திலோ ஆறுகள் மலையிலிருந்து கொணர்ந்த வண்டலில், மணலைப் போர்த்த இரும்புத்துருவின்மேல் உள்ளியம் இயல்பாகவே ஒட்டிக் கிடக்கிறது. மண்ணுள் புதைந்த தழையும் சருகும் கரியும் நுண்ணுயிர்க்கு உணவாகின்றன. உயிர்வளி எட்டாத ஆழத்தில் அந்நுண்ணுயிர்கள் இரும்புத்துருவைக் கரைக்கின்றன. துரு கரைந்தால் ஒட்டியிருந்த நஞ்சும் நீரில் இறங்கும். அந்நீரைத்தான் குழாய் உறிஞ்சி மேலே கொணர்கிறது. அதே ஊரில் காற்றுப்படும் திறந்த கிணற்றில் பெரும்பாலும் இந்நஞ்சு குறைவாகவே இருக்கக் காண்கிறோம்.

வண்டல்நிலம் மட்டுமே இதற்கு இடம் என்றும் எண்ண வேண்டா. சத்தீசுகடின் இராச்நந்த்காவ் பகுதியில் பழம்பாறையினின்றே உள்ளியம் நீரில் ஊறியது. கருநாடகத்தில் இராய்ச்சூர், யாதகிரிப் பகுதிகளில் பொன் கிடக்கும் பாறைப்பட்டையை ஒட்டிய ஊர்களில் இது காணப்பட்டது. பீகாரில் போச்பூர் மாவட்டத்துச் சிற்றூரொன்றில் 2002-இல் வெளிப்பட்டது. அதன்பின் கங்கைக்கரை நெடுகவும் தேடினர், நெடுகவும் கிடைத்தது.

இவற்றையெல்லாம் வில்லியனூரிலும் பாகூரிலும் வந்து ஏன் சொல்கிறேன்? உங்கள் நீரில் நஞ்சிருக்கிறது என்று அச்சுறுத்த நான் வரவில்லை. ஆய்ந்து பாராமல் இருக்கிறது என்பதும் பொய். ஆய்ந்து பாராமல் இல்லை என்பதும் பொய். ஒவ்வொரு ஆழ்துளைக்கும் தனித்தனி ஆய்வுச்சீட்டு வேண்டும் என்று கேட்கச் சொல்லவே வந்தேன். இவ்வாறு கேட்பதற்கு நம் மண்ணிலேயே போதிய கரணியம் உண்டு.

நம் ஆறுகள் இமயத்தில் பிறந்தவையல்ல. தென்பெண்ணை கருநாடகத்து நந்திமலையில் தோன்றுகிறது. வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி செஞ்சிப் பகுதிக் குன்றுகளில் பிறக்கிறது. ஆகவே வங்கத்துக் கதையை வரிக்குவரி இங்கே ஒட்டுவது பிழை. ஆயினும் அங்கே நஞ்சைக் கரைத்த கூறுகளை எண்ணிப் பாருங்கள்: ஆற்றுவண்டல், இரும்பு, மண்ணில் புதைந்த கரி. இவை இங்கே இல்லையென்று யார் சொல்வார்? மேலே ஆற்று வண்டல். அதன்கீழ் இரும்பேறிச் சிவந்த கடலூர் மணற்கல். அதற்கும் கீழே வானூர் மணற்கல். பாகூர்ப் பகுதியின் அடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பது, 1880களில் பிரெஞ்சியர் ஆழ்கிணறு துளைத்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. நெய்வேலியில் இன்று தோண்டியெடுக்கும் கரியின் உறவுதான் அது.

அக்கால ஆழ்கிணறுகளைப் பற்றி இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1870களின் பிற்பகுதியில் புதுவையில் துளையிட்டபோது, நீர் தானாகவே மேலெழுந்து பீறிட்டது. இறைக்கக் கவலையும் வேண்டா, ஏற்றமும் வேண்டா. இந்திய நிலப்பொதியியல் அளவைத்துறையின் வில்லியம் கிங் 1880-இல் இப்பீறிடு கிணறுகளைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். நிலத்தடியில் அத்துணை அழுத்தம், அத்துணை வளம். இன்று அதே நிலத்தில் மின்பொறி வைத்துப் பல நூறு அடி ஆழத்தினின்று இழுக்கிறோம். நீர்மட்டம் இறங்க இறங்கக் குழாயும் இறங்குகிறது. கடலோரத்தில் உப்பும் உள்ளே நகர்கிறது. உப்பேறிய மேல்நீரைவிட்டு மக்கள் மேலும் ஆழத்திற்குப் போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் தைவானை நினைக்கிறேன். அத்தீவின் தென்மேற்குக் கடலோரச் சிற்றூர்களில் மேற்கிணற்று நீர் உப்பாய் இருந்தது. ஆகையால் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் மக்கள் ஆழ்ந்த பீறிடு கிணறுகளுக்கு மாறினர். நீர் நன்னீராய் இருந்தது. சில பத்தாண்டுகளில் அவ்வூர்களில் கால்விரல் கருகி அழுகி, காலையே வெட்டியெடுக்க வேண்டிய கொடுநோய் பரவியது. கருங்கால் நோய் என்றே அதற்குப் பெயராயிற்று. மருத்துவர்கள் அப்பகுதியில் 40,421 மாந்தரை ஆய்ந்து 1968-இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களுள் 428 பேருக்குத் தோற்புற்று இருந்ததாகக் கூறினர். கிணற்றின் உள்ளியம் மிகுந்த அளவிற்கு நோயும் மிகுந்திருந்தது. பின்னர்க் குழாய்வழி வேறிடத்து நன்னீர் கொணரப்பட்டது. நோயும் படிப்படியாகக் குறைந்தது. உப்பினின்று தப்ப ஆழத்திற்குப் போன கடலோர மக்கள் என்ற அளவில், பாகூருக்கு வங்கத்தைவிடத் தைவானே நெருங்கிய உறவு என்பேன்.

புதுவை நகரும் ஊர்ப்புறமும் குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றன. 2021-இல் ஊர்ப்புற வீடுகள் அனைத்திற்கும் குழாய் இணைப்புக் கிடைத்துவிட்டதென்று அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. குடம் சுமந்து நடந்த பெண்களின் இடுப்புவலி அறிந்தவர் அதனைக் குறை சொல்லார். குழாய் வீட்டிற்குள் வந்துவிட்டது. அக்குழாய் எந்தத் துளையினின்று எந்த நீரைக் கொணர்கிறது என்னும் செய்தி இன்னும் வீட்டிற்குள் வரவில்லை.

ஏரிகளைப் பற்றியும் ஒரு சொல். சொர்ணாவூர் அணைக்கட்டினின்று பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் வந்து நிறையும் பாகூர் ஏரியும், வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியும் நமக்கு வெறும் பாசன ஏரிகள் அல்ல. நிலத்தடிக்கு நீரூட்டும் தாய்மடிகள். பாகூர் மூலநாதர் கோவில் கல்வெட்டுகள் ஏரியைப் பேணுவதற்கு அந்நாளிலேயே வகைசெய்திருந்ததைக் காட்டுகின்றன. பிரெஞ்சியர் ஆட்சியிலும் ஏரிதோறும் உழவர் கூட்டவைகள் இருந்து மடையையும் வாய்க்காலையும் கவனித்தன. ஆழ்துளையும் மின்பொறியும் வந்தபின் ஏரி யாருக்கும் உரியதாக இல்லாமற் போயிற்று. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு புதுவையின் 84 ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் நடந்தது. ஏரி நிறைந்தால் மேல்நீர் உயரும். மேல்நீர் உயர்ந்தால் ஆழத்து நீரைத் துழாவும் தேவை குறையும்.

ஆனால் 'பழைய குளத்திற்கே திரும்புவோம்' என்று மேடையில் முழங்குவது எளிது. நான் அவ்வாறு முழங்க மாட்டேன். காப்பற்ற குளத்து நீரைக் குடித்து மாண்ட குழந்தைகளை நினையாமல் பழமையைப் பாடுவது அறிவன்று. வாயடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, குளோரினிட்டுப் பேணும் கிணறு வேறு. மாடு குளிக்கும் குட்டை வேறு. வங்கத்தில் அச்சத்தால் கைக்குழாயைவிட்டுக் குட்டைக்கு ஓடிய இடங்களில் பழைய நோயே மீண்டது. கெட்ட துளையை விடும்போது நல்ல நீர் எங்கே என்பதையும் முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இனிச் செய்யத்தக்கது யாது? வங்காளதேசத்தினர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலக்கம் குழாய்க்கிணறுகளை ஆய்ந்தனர். வரம்பு மீறியவற்றின் வாய்க்குச் செந்நிறம் பூசினர். நல்லவற்றிற்குப் பச்சை பூசினர். செந்நிறம் பெற்றவை 14 இலக்கம். எழுத்தறியாத கிழவியும் அந்நிறத்தைப் படித்தாள். பெரும்பொருள் செலவிட்டு வைத்த நஞ்சுநீக்கிப் பொறிகள் பல இடங்களில் பேணுவாரின்றித் துருப்பிடித்தன. அடுத்த வீட்டுப் பச்சைக் கிணற்றுக்கு நடந்து போனதே மிகுதியான உயிர்களைக் காத்தது. உள்ளியம் கிணற்றுக்குக் கிணறு மாறும். நூறடி தள்ளியுள்ள இரு துளைகளில் ஒன்று நஞ்சாகவும் ஒன்று நன்னீராகவும் இருக்கும். ஆகையால் 'கொம்யூனில் பத்துத் துளைகளைப் பார்த்தோம், நன்று' என்னும் விடையை ஏற்காதீர்கள். உங்கள் தொட்டிக்கு நீரேற்றும் துளையைப் பார்த்தீர்களா என்றே கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பீர்கள். புதுவையில் 1968-க்குப் பின் 38 ஆண்டு கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அவ்வுறுப்பினரின் காலம் முடிந்தபின் மீண்டும் ஆண்டுக்கணக்கில் கொம்யூன் ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இன்றிக் கிடந்தன. அது தனிப்பெருங் குறை. ஆயினும் ஆழ்துளைகளை இயக்குவது பொதுப்பணித்துறை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எவரும் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும். துளையின் எண், ஆழம், நீரெடுத்த நாள், உள்ளியத்தின் அளவு, ஆய்வகத்தின் பெயர் என்று கூறு கூறாகக் கேளுங்கள். 'நீர் குடிக்கத் தக்கதா' என்று பொதுப்படக் கேட்டால் 'தக்கது' என்றே பொதுப்பட விடை வரும்.

முதலில் சொன்ன மொழிச்செய்திக்கு இப்பொழுது வருகிறேன். ஆய்வுச்சீட்டு ஆங்கிலத்தில் வரும். அதில் உள்ளியத்திற்கு 'ஏ, எசு' என்று இரண்டே எழுத்து இருக்கும். நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த ஆங்கிலப்படி அது 'போல' என்னும் இணைப்புச்சொல்! அதற்கு நேரே 'பி.டி.எல்.' என மூன்றெழுத்து இருந்தால் 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்று பொருள். படித்தவரும் அதனை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். அக்கருவியின் எல்லை எவ்வளவு என்று கேட்க வேண்டும். 50 நுண்கிராமுக்குக் கீழ் காண மாட்டாத முறையில் ஆய்ந்துவிட்டு 'எல்லைக்குக் கீழ்' என்றால், நீரில் 40 இருந்தாலும் அதே மூன்றெழுத்துத்தான் வரும். 10 என்பதுதான் இந்தியத் தரக்கட்டளையும் ஏற்கத்தக்கதாகக் கூறும் வரம்பு. ஊரில் கொடுக்கப்படும் நிறம் பார்க்கும் ஆய்வுப்பெட்டி ஒரு முன்னறிவிப்புக்குப் போதும். வரம்பை ஒட்டிய அளவுகளில் அதனை நம்ப இயலாது. அணு உறிஞ்சல் நிறமாலைக் கருவியுள்ள ஆய்வகத்திற்கே நீர் போக வேண்டும். எடுக்கும்போது மின்பொறியைச் சில நிமையம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழநீர் போனபின் துளைவாயிலேயே பிடிக்க வேண்டும். தொட்டியில் பிடித்த நீர் பல துளைகளின் கலப்பாகிவிடும். புட்டியில் ஆய்வகத்தார் தரும் காடித்துளி இடாவிட்டால், இரும்பு துருவாய்ப் படியும்போது உள்ளியத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் அமரும். மேல்நீர் தூயதாய்த் தோன்றும்.

அவ்வியல்பே ஒரு மருந்தாகவும் ஆகிறது. இரும்பு மிகுந்த நீரைக் காற்றுப்பட ஊற்றி ஓரிரவு தெளியவைத்தால் நஞ்சின் ஒரு பகுதி துருவோடு இறங்கும். முழுதும் இறங்கும் என்று நம்பிவிட வேண்டா. இதே இரும்பின் ஈர்ப்பை அடிப்படையாகக் கொண்டு நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர் குழுவினரும் 'அம்ரித்' என்னும் நஞ்சுநீக்கும் பொருளை உருவாக்கினர். வட மாநிலச் சிற்றூர்கள் பலவற்றில் அது பயன்பட்டு வருகிறது. சென்னையில் பிறந்த அறிவு வங்கத்திற்குப் போனது பெருமையே. தேவைப்பட்டால் நமக்கும் அது தொலைவில் இல்லை. தெருமுனையில் வாங்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் நீரைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளியம் இரண்டு வடிவில் நீரில் கரைந்திருக்கும். அவற்றுள் ஒன்றை அச்சவ்வு நன்கு தடுக்கும். ஆழத்து நீரில் மிகுதியாய் உள்ள மற்றொன்றை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே அந்நீருக்கும் ஆய்வுச்சீட்டுக் கேளுங்கள்.

பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம். ஆகையால் சோற்றைப் பற்றியும் சொல்லாமல் போக இயலாது. நீர் தேங்கிய வயலில் நிற்கும் நெல், மற்றக் கூலங்களைவிட எளிதாக உள்ளியத்தை உறிஞ்சும். பாசனத் துளையில் நஞ்சிருந்தால் அது வயலிலும் சேரும். ஆகவே குடிநீர்த் துளையோடு பாசனத் துளையையும் ஆய வேண்டும். அரிசியை நன்கு களைந்து, மிகுநீரில் வேகவைத்துக் கஞ்சி வடிக்கும் நம் பாட்டியர் முறை அரிசியிலுள்ள உள்ளியத்தைப் பெரிதும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் உலைநீர் தூயதாயிருந்தால்தான் அது உண்மை. உலைநீரே நஞ்சாயிருந்தால் அரிசி அதனைக் குடித்துக்கொள்ளும். வடித்த கஞ்சியில் இறங்கிய நஞ்சு கஞ்சியிலேயே இருக்கும். அதனை மாட்டிற்கோ பிள்ளைக்கோ கொடுக்குமுன் நீரின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இக்கூட்டம் கலைந்தபின் ஒவ்வோர் ஊரிலிருந்தும் இருவர் நின்று பெயர் கொடுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உங்கள் ஊர்த் தொட்டிக்கு நீரேற்றும் துளைகள் எத்தனை, எங்கே என்று முதலில் ஒரு தாளில் வரைந்து கொணருங்கள். பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை ஆய்வு வேண்டும் என்று எழுதுவோம். புதுத்துளை இட்டாலோ, பழந்துளையை ஆழப்படுத்தினாலோ நீரைக் குழாயில் விடுமுன்னரே ஆய்வு வேண்டும் என்பதையும் சேர்ப்போம். விடை வந்தவுடன் அதனைக் கோப்பில் போட்டுப் பூட்ட வேண்டா. தொட்டித் தூணில், ஆள் உயரத்தில், நல்ல தமிழில், 'உள்ளியம்: இலிட்டருக்கு இத்தனை நுண்கிராம், வரம்பு 10, ஆய்ந்த நாள்' என்று மூன்றே வரி எழுதுங்கள். வரம்பு மீறிய துளையின் வாயில் செந்நிறம் பூசுங்கள். வண்ணச் செலவை நம் தோழர்கள் ஏற்பார்கள். வேண்டுகை மடலின் படிகள் வாயிலருகே உள்ளன. ஊர்ப்பெயரும் துளை எண்ணும் இட வேண்டிய இடம் வெற்றாக விடப்பட்டிருக்கிறது. பெற்றுச் செல்லுங்கள்.